முப்பத்தெட்டா, ஒன்பது மில்லிமீற்றரா?

இன்று காலை கடையில் பழைய கலண்டரைக் கழற்றினேன், அண்ணை. வருஷம் பிறந்து இரண்டு கிழமையாகியும் போன வருஷத்து மார்கழியே தொங்கிக்கொண்டிருந்தது. பேப்பர் வாங்க வந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவி "உனக்கு இன்னும் கிறிஸ்மஸ் முடியவில்லையா?" என்று கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. கலண்டரைத் தூக்கியதும் சுவரில் உங்களுடைய துளை தெரிந்தது. நெஞ்சு உயரத்தில், சுண்டுவிரல் போகிற அளவில், ஓரம் கொஞ்சம் பிய்ந்துபோய். விரலை விட்டுப் பார்த்தேன். அந்தப் பக்கத்து அறையின் குளிர் விரல் நுனியில் பட்டது. பட்ட உடனே எனக்குக் கோபம் வந்தது.

நீங்கள் போய் மூன்று மாதம். செத்த மனிசரோடு கோபிக்கக்கூடாது என்று என் மனுசி சொல்கிறாள். அவளுக்கென்ன? அவள் உங்களிடம் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு ஒன்பது வருஷம் பதிலுக்கு நிற்கவில்லை. நான் நின்றேன். அதுவும் என்ன பெரிய கேள்வி! கள்ளன் வந்தால் என்னையும் பிள்ளையையும் காப்பாற்றக் கடையில் ஒரு கைத்துவக்கு வைப்பதென்றால் எந்தக் காலிபர் நல்லது? குண்டின் பருமன் எவ்வளவு இருக்கவேண்டும்? முப்பத்தெட்டா, ஒன்பது மில்லிமீற்றரா? ஒரு சொல்லில் முடிகிற விஷயம். முன்னாள் பொலிஸ் சார்ஜன்ட், இலங்கையில் பன்னிரண்டு வருஷம் இடுப்பில் ரிவோல்வரோடு திரிந்தவர், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கிளப்பில் போய்ச் சுடுகிறவர். உங்களிடம் கேளாமல் நான் ஆரிடம் கேட்பது, மீன்கடைக்காரனிடமா?

அந்தப் பின்னேரம் உங்களுக்கு நினைவிருக்கும். எண்பத்தெட்டாம் ஆண்டின் குளிர்காலம். நாலு மணிக்கே இருட்டி, லண்டன் ஈஸ்ட் ஹாம் பெரிய தெருவில் லைட் எல்லாம் போட்டுவிட்டார்கள். எங்கள் கடை அதற்குப் பக்கத்துச் சின்னத் தெருவில். மகள் சின்னவள் பள்ளிக்கூடத்தால் வந்து உள்ளே இருந்து வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தாள். அவளுக்கு அப்போது ஒன்பது வயது. அவளுக்கென்று கடையின் பின்பக்கத்தை, கவுண்டருக்கு நேரெதிரே, மறித்து நானே ஒரு அறை கட்டியிருந்தேன். பலகைச் சட்டம் அடித்து, இரண்டு பக்கமும் பிளாஸ்டர் போர்ட் அட்டை வைத்து, வெள்ளைப் பெயின்ற் பூசி. வந்தவர்களுக்கெல்லாம் தட்டித் தட்டிக் காட்டுவேன்: "பாத்தனீங்களே, என்ரை கைவேலை!"

இரண்டு பேர் வந்தார்கள். ஒருத்தன் கையில் கத்தி. என்னைக் கவுண்டருக்கு வெளியே இழுத்து முகம் குப்புறப் படுக்கச் சொன்னான். படுத்தேன். கிறிஸ்ப்ஸ் பெட்டிகளுக்கு நடுவில், கை இரண்டும் தலைக்கு மேலே. அவர்கள் சிகரெட் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகும்வரை நான் தரையில் ஒட்டியிருந்த ஒரு சுவிங்கத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். எழும்பித் திரும்பினால், சின்னவள் கதவடியில் நிற்கிறாள். எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள்.

அன்றிலிருந்து அவள் அந்த அறைக்குள் தனியாக இருக்கமாட்டாள் என்றாள். இருத்தினால் கதிரையைக் கதவுக்கு முட்டுக்கொடுத்து வைப்பாள். கடை மணி அடிக்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே பென்சில் நிற்கும். எனக்கு அந்தப் பென்சில் நிற்கிற சத்தம் கேட்கும் அண்ணை. சத்தம் நிற்பதும் ஒரு சத்தம்தான்.

ஆகையால் துவக்கு. இதில் என்ன பிழை? நீங்கள் சொல்லுங்கள்.

மறுநாள் காலை வழமைபோல் பேப்பர் எடுக்க வந்தீர்கள். நான் கேட்டேன். நீங்கள் பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "கவுண்டருக்கும் கதவுக்கும் எத்தினை அடி?" என்றீர்கள்.

"எட்டு இருக்கும். அதுக்கென்ன?"

"வாறவன் எங்கை நிப்பான்?"

"கவுண்டருக்கு முன்னாலைதான். பின்னை என்ன, கூரையிலையா நிப்பான்?"

"யோசிப்பம்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். கள்ளன் எனக்கு விட்ட நேரம்கூட நீங்கள் விடவில்லை.

நான் யோசிக்கிற ஆளா? ஓ.எல். பரீட்சையில் கணக்கை இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் கோட்டை விட்டவன். ஆனால் நான் பேப்பர்க்கடைக்காரன். என் தட்டிலேயே துவக்குச் சஞ்சிகை மூன்று விதம் வரும். விற்காததை மாதமுடிவில் கட்டித் திருப்பி அனுப்பவேண்டும், மடிப்பு விழுந்தால் எடுக்கமாட்டார்கள். ஆகையால் புதுப் பெண்ணின் கூறைச்சேலையைத் தொடுகிற மாதிரி, ஓரத்தை மட்டும் பிடித்து விரித்து, உள்ளே எட்டிப் பார்த்துத்தான் வாசித்தேன். முழுப்பக்கத்தையும் விரிக்க ஏலாது. அதனால் ஒவ்வொரு வரியிலும் கடைசிச் சொல் எனக்குத் தெரியாது. இப்படித்தான் நான் நிபுணன் ஆனேன்.

ஒரு சஞ்சிகைக்காரன் ஒன்பது மில்லிமீற்றர்தான் என்றான். குண்டு கூட அடங்கும், கையை உதைக்காது. இன்னொருத்தன், அமெரிக்கன், நாற்பத்தைந்துக்குக் கீழே உள்ளதெல்லாம் குருவி சுடத்தான் என்றான். மூன்றாவது ஆள் முப்பத்தெட்டு ரிவோல்வர் ஒருபோதும் இறுகி நிற்காது, கடைக்காரனுக்கு அதுதான் என்றான். நான் சின்னவளிடம் கொப்பியைக் கொடுத்து, "புள்ளி மூன்று எட்டு அங்குலம் எத்தினை மில்லிமீற்றர் எண்டு செய்து தா பிள்ளை," என்றேன். அவள் இருபத்தைந்து புள்ளி நாலால் பெருக்கி, ஒன்பது புள்ளி ஆறு ஐந்து என்று கொண்டுவந்தாள். "எதுக்கு அப்பா?"

"பைப் ஒண்டுக்கு."

அரை மில்லிமீற்றர் சொச்சம்தான் வித்தியாசம் அண்ணை! அந்த அரை மில்லிமீற்றருக்காக நான் எத்தனை நாள் நித்திரை கெட்டேன். அந்தக் கணக்கை ஆரைக் கொண்டு செய்வித்தேன் என்பது மட்டும் எனக்கு அப்போது உறைக்கவில்லை.

பிறகு என் கரைச்சல் பொறுக்காமல் ஒரு ஞாயிறு கிளப்புக்குக் கூட்டிப் போனீர்கள். விருந்தாளிகள் சுட்டுப் பார்க்கிற நாள். ரயில் பாலத்துக்குக் கீழே நீளமான ஒரு குகை, வெடிமருந்து மணம், காதுக்கு மூடி போட்ட வெள்ளைக்காரக் கிழவர்கள். முதலில் இருபத்திரண்டு காலிபர் தந்தார்கள். தட்டச்சு மெஷின் தட்டுகிற மாதிரி இருந்தது. பிறகு ஒன்பது மில்லிமீற்றர். இரண்டாவது வெடிக்குச் சூடான வெற்றுத் தோட்டாக் கோது ஒன்று பறந்து என் சேட்டுக் கழுத்துக்குள் விழுந்தது. துவக்கைக் கீழே வைக்கவேண்டும் என்ற அறிவு எப்படியோ வந்தது. வைத்துவிட்டு நான் ஆடிய ஆட்டத்தைக் கோயில் திருவிழாவிலும் ஆரும் கண்டிருக்கமாட்டார்கள். கடைசியாக உங்கள் முப்பத்தெட்டு. ஆறு வெடி வைத்தேன். என் இலக்குக் கடதாசி கன்னி கழியாமல் நின்றது.

பக்கத்து மேடைக் கிழவர் என் தோளில் தட்டி, "நன்றி, நண்பா. என் இலக்கில் ஒன்பது துளை இருக்கிறது, நான் சுட்டது மூன்று," என்றார்.

நீங்கள் சிரித்துச் சிரித்து இருமினீர்கள். வரும் வழியில் நான் கேட்டேன்: "எல்லாத்தையும் சுட்டாச்சு. இப்ப சொல்லுங்கோ. எது?"

"உன்ரை ஆறு குண்டும் எங்கை போனது?"

"அந்தக் கிழவற்றை கடதாசிக்கு."

"ம்," என்றீர்கள். ஈஸ்ட் ஹாம் ஸ்டேஷன் வரும்வரை அந்த "ம்"தான்.

இதற்கிடையில் நான் கவுண்டருக்குக் கீழே ஒரு தட்டு அடித்துவிட்டேன். துவக்கு வைக்க. மனுசியின் பழைய நகைப்பெட்டிக்குள் இருந்த சிவப்பு வெல்வெற்றை உரித்து ஒட்டினேன். மனுசி குனிந்து பார்த்துவிட்டு, "பிள்ளை பிறக்க முதல் தொட்டில் கட்டியாச்சு. அப்பன் ஆரெண்டு தெரிஞ்சா சரி," என்றாள். எனக்குக் காலிபர் தெரியவேண்டியிருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். தட்டின் நீளம் காணுமோ தெரியவில்லை.

கிளப்பில் சேர, ஏற்கெனவே மெம்பராக இருக்கிற ஒருவர், இவரை எனக்குத் தெரியும், இலக்குச் சுடத்தான் வருகிறார் என்று கையெழுத்துப் போடவேண்டும். அதற்குப் பிறகு மாதக்கணக்காகப் பழகினால்தான் பொலிஸ் லைசன்ஸ். தற்காப்புக்கு என்று வாயைத் திறந்தால் இந்த நாட்டில் வாசல் படலையிலேயே மறித்துவிடுவார்கள். கிடைத்தாலும் வீட்டில் இரும்புப் பெட்டிக்குள் பூட்டி வைக்கவேண்டும், கடைத் தட்டில் ஏலாது. எல்லாம் நீங்கள்தான் சொன்னீர்கள். நானும் ஃபோமை நிரப்பி, ஒரு சனிக்கிழமை பின்னேரம் கடையில் வைத்து உங்களிடம் நீட்டினேன்.

"இலக்குச் சுட எண்டு போட்டிருக்கிறாய்."

"ஓம். கள்ளனும் ஒரு இலக்குத்தானே அண்ணை."

நீங்கள் சிரிக்கவில்லை. ஃபோமைக் கவுண்டரில் வைத்தீர்கள். கள்ளன் நின்ற அதே இடத்தில், எனக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றீர்கள். "சுடு," என்றீர்கள்.

"என்ன?"

"விரலை நீட்டிச் சுடு. நான் கள்ளன்."

நான் விரலை நீட்டினேன். வெட்கமாக இருந்தது. சூப்புத்தடி மிட்டாய் வாங்க வந்த ஒரு பெடியன் வாயைத் திறந்தபடி பார்த்துவிட்டு வாங்காமலே போனான். நீங்கள் ஒரு பக்கமாக விலகி, என் விரல் காட்டிய இடத்தைப் பார்த்தீர்கள். நான் கட்டிய வெள்ளைச் சுவர். கோட்டுப் பையிலிருந்து ஒரு ஸ்குரூட்ரைவரை எடுத்தீர்கள். நீளமான, மஞ்சள் பிடி போட்ட ஸ்குரூட்ரைவர். நான் வாய் திறக்க முதல், உள்ளங்கையைப் பிடியில் வைத்து ஒரே தள்ளு. என் கைவேலை புட்டு மாதிரி வழிவிட்டது. பிடி மட்டும் சுவருக்கு வெளியே நின்றது.

உள்ளேயிருந்து சின்னவளின் குரல் வந்தது: "மாமா? சுவருக்குள்ளாலை ஏதோ வந்திருக்கு."

ஓடிப்போய்ப் பார்த்தேன். அவள் மேசையில் இருக்கிறாள். ஸ்குரூட்ரைவரின் நுனி அவள் தலைக்கு ஒரு சாண் மேலே, அவள் ஒட்டி வைத்திருந்த குதிரைப் படத்தின் வயிற்றுக்குள்ளால் வந்து நின்றது. மூக்கில் வெள்ளைத் தூளோடு அவள் மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் திரும்பி வந்தபோது நீங்கள் அதை இழுத்து எடுத்து, கவுண்டரில் ஃபோமுக்குப் பக்கத்தில் வைத்தீர்கள். "இது என்ன காலிபர் எண்டு அளந்து பார்," என்றீர்கள்.

எனக்கு வந்த கோபம்! சுவரைப் பழுதாக்கிய கோபம் பாதி, மிச்சப் பாதி வேறு ஏதோ. "அப்ப சின்னனா எடுக்கிறன். இருபத்திரண்டு."

"அதுகும் இந்தச் சுவராலை போகும். ஆள் நிப்பானோ எண்டதுக்கு உத்தரவாதம் இல்லை."

"பெரிசு?"

"ஆளுக்குள்ளாலையும் போகும், சுவருக்குள்ளாலையும் போகும். நீ சுட்டா ஆளிலை படாது, நேரே சுவர்தான். கிளப்பிலை பாத்தனான்தானே."

"அப்ப எதுதான் அண்ணை சரி?"

"நீயே தெரிவு செய்," என்று சொல்லிவிட்டு, கையெழுத்துப் போடாமல், ஸ்குரூட்ரைவரையும் மறந்துவிட்டுப் போனீர்கள். பேனை சட்டைப் பையில்தான் இருந்தது. நான் பார்த்தேன்.

மூன்று கிழமை உங்களோடு கதைக்கவில்லை. நீங்கள் அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை, அது இன்னும் எரிச்சல். தினமும் வருவீர்கள், பேப்பரை எடுப்பீர்கள், "தட்டு எப்பிடிக் கிடக்கு?" என்று கேட்பீர்கள். நான் மற்றப் பக்கம் திரும்பி, துவக்கு மாதிரிப் பிடித்து விலைச்சீட்டு அடிக்கிற மெஷினால் பால்மா ரின்களுக்கு டக் டக் என்று அடிப்பேன். தேவையில்லாமல் ஒவ்வொரு ரின்னுக்கும் மும்மூன்று சீட்டு.

துளையை அடைக்கவேண்டும் என்று பூச்சு வாங்கி வைத்தேன். அடைக்க முதல் ஒரு நாள் கடை மணி அடித்தது, ஆரோ வந்தார்கள், சுவருக்குள்ளிருந்து ஒரு குரல்: "ஓகேயா அப்பா?"

திரும்பினேன். துளைக்குள் ஒரு கண். சின்னவள் கதிரையில் முழங்காலூன்றி நிற்கிறாள்.

"ஓம், ஓகே," என்றேன். கண் மறைந்தது. பென்சில் திரும்ப ஓடத் தொடங்கியது.

அடுத்த மணிக்கும் அப்படி. அதற்கடுத்ததற்கும். இரண்டு கிழமையில் கதவுக்குக் கதிரை முட்டுக்கொடுப்பது நின்றது, கதிரை துளையடியில் தேவைப்பட்டதால். ஒரு நாள் நீங்கள் பேப்பர் எடுக்கும்போது அந்தக் கண்ணைக் கண்டுவிட்டு, நிமிர்ந்து பொலிஸ்காரன் மாதிரி சலூட் அடித்தீர்கள். உள்ளேயிருந்து, "மாமா, தள்ளி நில்லுங்கோ, மறைக்கிறீங்கள்!"

அன்றைக்குத்தான் உங்களோடு கதைக்க எனக்கு வாய் திரும்பவும் வந்தது. ஆனால் நான் இலேசில் விடுகிற ஆளா? "அண்ணை, இந்தச் சுவரை உடைச்சுச் செங்கல்லாலை கட்டினா? அப்ப ஒன்பது மில்லிமீற்றர் சரிவராதோ?"

"சரிவரும்," என்றீர்கள். எனக்கு வாழ்க்கையில் நீங்கள் தந்த ஒரே நேரான பதில். பேப்பரை மடித்தீர்கள். "பிள்ளை எதுக்குள்ளாலை பாக்கிறது?"

வெல்வெற் தட்டில் விலைச்சீட்டு மெஷின் ஏறிக் குந்தியது. இன்றைக்கும் அதன் இடம் அதுதான்.

அதற்குப் பிறகும் நான் கேட்பதை விடவில்லை என்பது உண்மை. வாங்குவதற்கில்லை, அறிந்துகொள்ளத்தான். கல்யாண வீட்டில் கேட்டேன், ஒருமுறை ஆஸ்பத்திரியில் உங்கள் கட்டிலடியிலும் கேட்டேன். கடைசியில் கவர்மென்ட்தான் பதில் சொன்னது. ஸ்கொட்லாந்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒருத்தன் கைத்துவக்கால் பிள்ளைகளைச் சுட்ட அந்தக் கொடுமைக்குப் பிறகு சட்டம் வந்தது. இருபத்திரண்டுக்கு மேல் ஒரு கைத்துவக்கும் ஆரும் வைத்திருக்க ஏலாது. சில மாதத்தில் அந்த இருபத்திரண்டும் இல்லையென்று ஆனது. எட்டு வருஷம் நான் உங்களிடம் கேட்டதைப் பார்லிமென்ட் இரண்டே வரியில் முடித்துவிட்டது.

தொண்ணூற்றேழு கோடையில் உங்கள் முப்பத்தெட்டைப் பொலிஸில் ஒப்படைக்க உங்களை நான்தான் காரில் கொண்டுபோனேன். மடியில் பெட்டியை வைத்துக்கொண்டு இருந்தீர்கள். உங்களுக்குக் கவலையாக இருக்கும் என்று நினைத்து, "இருபத்திரண்டு எடுத்திருந்தா இன்னும் கொஞ்சக் காலம் வைச்சிருந்திருக்கலாம்," என்று ஆறுதல் சொன்னேன். நீங்கள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னீர்கள்:

"மன்னாரிலை இருக்கேக்கை ஒரு கள்ளனைத் துரத்தினனான். வெடி வைச்சன். அவனுக்குப் படேல்லை. ஓலைக் கிடுகு வேலிக்கு அங்காலை ஒரு பிள்ளை சட்டி கழுவிக்கொண்டு இருந்தது."

சிவப்பு லைட் விழுந்தது. நான் காரை நிறுத்தினேன்.

"தோள்மூட்டு. பிழைச்சிட்டுது. ஆனா அந்தக் கை பிறகு தலைக்கு மேலை எழும்பேல்லை. தாய்தான் சீப்பாலை தலை இழுத்துவிடுறவ. அவ்வளவும் தெரியும். பிறகு என்னை வேறை இடத்துக்கு மாத்திப்போட்டினம்."

பச்சை விழுந்தது. பின்னால் ஒருத்தன் ஹோர்ன் அடித்தான். எனக்குக் கார் எடுக்க வரவில்லை. "அண்ணை," என்றேன், "இதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே. அந்த முதல் நாளே. நான் ஒரு நிமிஷத்திலை விட்டிருப்பன். கிளப்பு, சஞ்சிகை, ஸ்குரூட்ரைவர் எல்லாம் எதுக்கு?"

நீங்கள் அப்போதுதான் திரும்பி என்னைப் பார்த்தீர்கள். "சொல்லியிருந்தா, அது என்ன காலிபர் எண்டு கேட்டிருப்பாய்."

அண்ணை, இதை நான் உங்களுக்கு ஒருபோதும் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். என் வாயில் அந்த நேரம் வந்து நின்ற கேள்வி அதேதான். நாக்கைக் கடித்துக்கொண்டு காரை எடுத்தேன். ஸ்டேஷனில் பெட்டியைக் கொடுத்தீர்கள், ரசீதை மடித்துப் பையில் வைத்தீர்கள். திரும்பும்போது ரோல்ஸ் வாங்கிச் சாப்பிட்டோம். உறைப்புக் காணாது என்று கடைக்காரனோடு சண்டை பிடித்தீர்கள்.

அதுதான் என் கோபம். அவ்வளவு காலம் அதைத் தனியாக நெஞ்சில் வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கு ஞாயிறு போய்க் கடதாசியைச் சுட்டுக்கொண்டிருந்தீர்கள். பின்னால் மண்மேடு, அதற்குப் பின்னால் செங்கல், அதற்குப் பின்னால் ஒருவரும் இல்லாத இடம். நீங்கள் ஏன் அங்கே போனீர்கள் என்று நான் ஒருமுறையாவது கேட்டேனா? எனக்குத் தெரிந்த கேள்வி ஒன்றுதான்.

சின்னவள் இப்போது மான்செஸ்டரில் படிக்கிறாள். அவள் போன பிறகுதான் துளைக்கு மேல் கலண்டரைத் தொங்கவிட்டேன். உங்கள் செத்தவீட்டுக்கு வந்தபோது கடையில் நான் நிற்பதைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்: "அப்பா, நீங்கள் ஏன் ஆக்களின்ரை முகத்தைப் பாத்துக் கதைக்கிறேல்லை?" மனுசியும் அதையேதான் சொல்கிறாள். கவுண்டருக்கு முன்னால் ஆர் வந்து நின்றாலும் என் கண் அவர்களுடைய தோளுக்கு மேலால் பின்னுக்குப் போகிறது. அவர்களுக்குப் பின்னால் ஆர் நிற்கிறார்கள் என்று பார்க்கிறது. சிலர் நான் கள்ளம் பிடிக்கப் பார்க்கிறேன் என்று நினைத்துக் கோபிக்கிறார்கள். இந்தப் பழக்கத்தை எனக்குத் தந்துவிட்டு நீங்கள் பாட்டுக்குப் போய்விட்டீர்கள்.

இன்று பின்னேரம், புதுக் கலண்டரை இன்னும் மாட்டவில்லை, மணி அடித்தது. மோட்டார்சைக்கிள் தொப்பியைக் கழற்றாமல் ஒரு நெடுவல் உள்ளே வந்து, நேரே அந்த இடத்தில், சுவருக்கு முதுகு காட்டி நின்றான். என் கண் அவனைத் தாண்டித் துளைக்குப் போனது. வெறும் கறுப்பு. ஒரு கண்ணும் இல்லை, கேட்க ஆளும் இல்லை.

"ஓம், ஓகே," என்றேன்.

அவன் தொப்பியின் கண்ணாடியைத் தூக்கி, "என்ன?" என்றான். பிறகு ஒரு பக்கெற் புதினா மிட்டாய் கேட்டான்.